எந்தக் கலப்பையை முதலில் மாட்டுவது

என் கொழுந்தனார் ஓட்டாத வண்டி இந்தப் பூமியில் கிடையாது. மலையேறும் லாரி, மணலில் போகும் ஜீப், ஒரு தடவை விமானத்தைக்கூடக் கொஞ்ச தூரம் நகர்த்தியிருக்கிறார். சரி, விமானத்தை எடுத்துவிடுங்கள். லாரியும் ஜீப்பும்கூட என் கைச்சரக்குதான். அவற்றைக் கழித்தால் மிச்சமிருப்பது ஒரே ஒரு நகரப் பேருந்து. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை ரயில் நிலையத்துக்கும் பெரிய மருத்துவமனைக்கும் நடுவில் அதே தடத்தில் போய்வந்தார். ஒரு விபத்து இல்லை. ஒரே ஒரு புகார் உண்டு. வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிறாராம். ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பதில் எழுதிக் கொடுத்தார்.

ஓய்வு பெற்ற மறுவருஷம் அவர் மனைவி, என் ஓரகத்தி, போய்விட்டாள். தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் அப்படியே தலை சாய்ந்தாள். கொழுந்தனார் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். கிளம்பியவர்களுக்குச் செருப்பைத் தேடிக் கொடுத்தார். எல்லாரும் போன பிறகு நாற்காலிகளைத் துடைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்.

அதற்குப் பிறகு அவரிடம் இருந்த பேச்செல்லாம் ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்தான். சாப்பாட்டில் உப்பில்லை என்றாலும் சரி, உப்புக் கரிக்கிறது என்றாலும் சரி. நான் பக்கத்துத் தெரு. தினமும் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாமே என்று, “தம்பி, உங்க மொட்டைமாடியில ஒட்டகம் நிக்குது” என்றேன். “சரி அண்ணி” என்றார். சிரிப்பு வரும் என்றுதான் சொன்னேன். எனக்கும் வரவில்லை.

அவருக்கு ஒரே மகள். வெளியூரில் கண் மருத்துவமனையில் செவிலி. லீவு கிடைக்கும்போதெல்லாம் வந்து, வீட்டையும் பின்பக்க நிலத்தையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கேட்பாள். எல்லாவற்றுக்கும் சரி என்கிற மனிதர் இதற்கு மட்டும் வேண்டாம் என்றார். இங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்வீர்கள் என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்துக்கு நேரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அந்த நிலம்.

“காய்கறி போடப்போறேன்” என்றார்.

ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் சலவைக்கடை வைக்கப்போகிறேன் என்றிருப்பார். எதிரே சலவைக்கடைதான். மகளுக்கும் அது தெரியும். ஆனாலும் சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த லீவுக்கு வரும்போது நிலம் நாற்று நடத் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்ட வேண்டும். என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டாள். அவர் சரி என்றார்.

நிலம் சின்னதில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே மைதானத்தோடு தூக்கி வைக்கலாம். பல வருஷமாகச் சும்மா கிடந்ததில் அருகம்புல் மண்டிப் போயிருந்தது. அதற்குள் மேயப் போன ஆடு பேரன் பேத்தி எடுத்துக்கொண்டுதான் வெளியே வரும். மண்வெட்டியால் ஆகிற காரியமில்லை. அடுத்த வீட்டுப் பால்பண்ணைக்காரர் தன் பழைய சின்ன டிராக்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஆனால் அவரிடம் தீவனம் இழுக்கிற டிரெய்லரைத் தவிர பின்னால் மாட்ட எதுவும் இல்லை. ஆகவே கருவிகள் வாடகைக்கு விடும் கடைக்கு நாங்கள் இருவரும் போனோம்.

தகரக் கொட்டகைக்குள் எல்லாம் வரிசையாக நின்றன. பெரிய பெரிய இரும்புத் தட்டுகளோடு சட்டிக் கலப்பை. வளைந்த பற்களும் தோளில் சுருள்வில்லுமாகக் கொத்துக் கலப்பை. டிராக்டரின் எஞ்சினே சுழற்றிவிடும் கத்திகளோடு ரோட்டவேட்டர். மூலையில், மண்ணை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நாற்று நட மேடாகப் பார் போடுகிற கலப்பை. கடைக்காரரை ஊரே ஸ்பேனர் என்றுதான் கூப்பிடும். அவர் என்ன டிராக்டர் என்று கேட்டுவிட்டு, சட்டிக் கலப்பை வேண்டாம், அந்தக் கனத்துக்கு உங்கள் வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கும்பிடு போடும் என்றார். பிறகு கொழுந்தனாரிடம் ஒரே கேள்வி கேட்டார்.

“நிலத்துல புல் எப்படிண்ணே?”

“கொஞ்சம் இருக்கு.”

இத்தனைக்கும் அவர் நிலத்துக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்ததுதான். கொஞ்சம் என்றால் ரோட்டவேட்டரே போதும் என்றார் ஸ்பேனர். அகலம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், அது டயர் தடத்தைவிடக் குறுகலாக இருந்தால் பொடியாக்கிய மண்ணை டயரே மறுபடி மிதித்து இறுக்கிவிடும் என்று நாடாவால் அளந்து ஒன்றை ஒதுக்கினார். எதற்கும் கொத்துக் கலப்பையையும் கொண்டுபோகலாமே என்றேன். ரோட்டவேட்டரைக் காட்டி, “இது ஒரே தடவையில முடிஞ்சிடும் அண்ணி” என்றார் கொழுந்தனார். அவருக்கு வேண்டியிருந்தது அதுதான். ஒரே போக்கு, முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

உழவென்று சொல்லாதீர்கள். பேருந்துதான் ஓட்டினார். முதுகு நிமிர்ந்து, எதிரே வேலியைப் பார்த்தபடி, ஒவ்வொரு திருப்பத்திலும், இல்லாத கண்ணாடியில் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு. நான் வேலியோரம் நின்று கையை நீட்டினேன். நிறுத்தவில்லை. பின்னால் மண் சலித்த மாவு மாதிரி விழுந்தது. புல் இருந்த சுவடே இல்லை. இறங்கி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு போய் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நல்ல மழை பெய்தது. மழைக்குப் பிறகு நிலம் முழுக்க ஊசி ஊசியாகப் பச்சை. அருகு கணுவுக்குக் கணு உயிர் வைத்திருக்கிற ஜாதி. ரோட்டவேட்டரின் கத்திகள் அதைக் கொல்லவில்லை. ஒவ்வொரு கொடியையும் விரல் நீளத்துக்கு நறுக்கி, பதமான மண்ணில் சீராக நட்டுக் கொடுத்திருந்தன. முன்பு திட்டுத் திட்டாக இருந்த புல் இப்போது இடைவெளியே இல்லாமல் வந்தது. நாற்றங்காலில் சொல்லிவைத்திருந்த தக்காளியையும் கத்தரியையும் இனி எங்கே நடுவது?

மகள் லீவுக்கு வந்தாள். பைகூட இறக்காமல் பின்வாசலில் நின்று பார்த்தாள். மாலை வெயிலில் நிலம் தளதளவென்று இருந்தது. கீரையா, ஏதாவது விதைத்துவிட்டீர்களா, இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்றாள். கண்நோய் பார்க்கிற இடத்தில் சம்பளம் வாங்குகிறவள். நான் கொழுந்தனாரை முழங்கையால் இடித்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு நிற்கும்.

“அது புல்லும்மா” என்றார்.

மகள் உள்ளே போய் அலமாரியைத் திறந்து அவர் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். அவர் தடுக்கவில்லை. சரி என்றுகூடச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்துக்குள் இறங்கினார்.

குனிந்து ஒரு கொடியைப் பிடித்து இழுத்தார். வந்தது, பாதியில் அறுந்தது. மண்ணைத் தோண்டி மீதியைப் பிடித்தார். அதுவும் அறுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் பெட்டி பூட்டுகிற சத்தம் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை. மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

“எழுந்திருங்கப்பா. கையெல்லாம் மண்ணு.”

“அறுந்து அறுந்து வருதும்மா. முழுசா வரமாட்டேங்குது. முழுசா வர்றதுக்கு எதை மாட்டணும்னு நான் கடையில கேக்கல. புல்லு எவ்வளவுன்னு அவர் கேட்டாரு, நான் பாக்காமலே சொல்லிட்டேன். போய்க் கேக்கணும்.”

ஓரகத்தி போன பிறகு அவர் வாயிலிருந்து அவ்வளவு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்து நான் கேட்டதில்லை. மகளும் கேட்டதில்லை போலும். கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். இந்த முறை அவர் பிடுங்கிய புல்லைக் காகிதப் பையில் கொண்டுவந்திருந்தார். ஸ்பேனர் பார்த்துவிட்டு, “இதையாண்ணே கொஞ்சம்னு சொன்னீங்க?” என்றார். கொழுந்தனார் கொத்துக் கலப்பைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பல்லையும் ஆட்டிப் பார்த்தார். எவ்வளவு ஆழம் போகும், கல்லில் மாட்டினால் வில் விட்டுக்கொடுக்குமா, கொடியை வெட்டுமா இழுக்குமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்பேனர் பொறுமையாகச் சொன்னார். இது வெட்டாது, அள்ளி மேலே போடும். மண் காய்ந்த பிறகு நெடுக்கில் ஒரு தரம், குறுக்கில் ஒரு தரம் ஓட்டி, வந்ததை வாரி வெயிலில் போட வேண்டும். ரோட்டவேட்டர் எல்லாவற்றுக்கும் கடைசி. அதற்கும் அப்புறம்தான் பார் போடுவது.

மண் காயும்வரை மகள் லீவை நீட்டினாள். காய்ந்ததும் அவர் ஓட்டினார், அவள் பின்னால் வாரினாள். வாரிய அருகு குவிந்த உயரத்தில் தபால்காரர் கொழுந்தனார் வீட்டைக் காணாமல் இரண்டு தடவை திரும்பிப் போனார். நிலமோ முன்னைவிடக் கேவலமாகக் கிடந்தது. கட்டி கட்டியாய், மேடும் பள்ளமுமாய். நாற்று நடுகிற நிலையில் இல்லை. பேசிய பேச்சுப்படி பார்த்தால் அவர் தோற்றுவிட்டார்.

ஆனாலும் மகள் வாருகோலைக் கீழே போட்டுவிட்டு, “அப்பா, வீடும் நிலமும் என்னைக்கும் உங்களுக்குத்தான், நான் கேக்கவே மாட்டேன்” என்றாள். அவர் வண்டியை நிறுத்தி இறங்கிவந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

இப்படி எழுதி முடித்து, கொழுந்தனார் மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

“நான் அப்படிச் சொல்லல பெரியம்மா. அடுத்த மழைக்குப் புல்லு திரும்ப வருதான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்னேன். அப்பா அழவும் இல்ல, இறங்கவும் இல்ல. வண்டிச் சத்தத்துல நான் சொன்னது அவருக்குக் கேக்கவே இல்ல. அடுத்த சாலுக்குத் திருப்பிட்டிருந்தார்.”