எழுதாத கடைசிக் காட்சி

எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். வருஷத்துக்கு ஒரு நாடகம் எழுதி, மேனாம்பேட்டில் எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு மேடையேற்றிவிடுவார். எழுதுவது, நடிக்க ஆள் பிடிப்பது, மேய்ப்பர்களுக்குப் பஞ்சுத் தாடி ஒட்டுவது எல்லாம் அவர்தான். வீட்டில் குழாய் ஒழுகினால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து முறுக்க வேண்டும். ஃபிட்டர் பெண்டாட்டி என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு, இப்போதும் உண்டு.

அந்த வருஷம் எழுதிக்கொண்டிருந்தது வேறு மாதிரி. வீட்டை விட்டு ஓடிப்போன ஒருத்தன் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்து கதவைத் தட்டுகிறான். பெண்டாட்டி திறக்கிறாள். அவள் என்ன சொல்கிறாள்? இதுவரை எழுதியதெல்லாம் விளையாட்டு, இது ஒன்றுதான் நாடகம் என்பார். அந்த ஒரு பேச்சுக்காக மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். நான் அரிசி களையும்போது பின்னால் வந்து நின்று, நீயாக இருந்தால் என்ன சொல்லுவாய் என்று கேட்பார். விளக்குமாறுதான் பேசும் என்பேன். அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

ஈஸ்டர் சமயத்தில் வயிற்று வலி வந்தது. ஆபரேஷனுக்குக் கொண்டுபோனோம். டாக்டர் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார். புற்று, பரவிவிட்டது, இன்னும் ஆறேழு மாதம் என்றார். வராந்தாவில் என் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான் காதுல உழுந்தா பாதி உசுரு அங்கியே பூடும். நீ ஒண்ணும் சொல்லாதே.”

டாக்டர் தலையாட்டினார். ஆயரும் அதுதான் நல்லது என்றார். இத்தனை பெரிய மனிதர்கள் சொன்ன பிறகு நான் எதற்கு யோசிக்க வேண்டும்? குடலில் புண் என்று அவரிடம் சொன்னேன். நம்பினார். நம்பாமல் என்ன, சொன்னது நானாயிற்றே.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். சபைக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். பத்தாவது படித்த எங்கள் மகளுக்குத் தெரியும். அப்பா எதிரில் சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுவாள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள், சீக்கிரம் எழுந்துவிடுவீர்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னும் எத்தனை நாள் என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சபையில் இதைச் சொல்வதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் எழுதத்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்தால் வலி ஏறும். முனகிக்கொண்டே எழுதுவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் நோட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். முதலில் உடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் வராமலா போகும் என்றேன். சரி என்று படுத்துக்கொண்டார். அதன்பிறகு ரேடியோ கேட்டுக்கொண்டு, ஃபேனைப் பார்த்துக்கொண்டு, உடம்பு தேறுவதற்காகக் காத்திருந்தார். ஐந்து மாதம் அப்படியே போயிற்று. அடுத்த வருஷம் மேடைக்கு நிஜக் கதவே செய்துவிட வேண்டும் என்று மகளிடம் அளவு சொல்லுவார். அவள் எழுதிக்கொள்வாள். நான் ‘ம்’ கொட்டுவேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் சபைப் பெண்கள் ஜெபிக்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று கண்ணை மூடினோம். வந்தவர்களில் மூத்த அம்மாள் ஜெபித்தார். நல்ல மனுஷிதான், ஆனால் ஜெபத்தில் இறங்கிவிட்டால் இடம் பொருள் தெரியாது. குரல் ஏறிக்கொண்டே போய், “ஆண்டவரே, இந்தக் கேன்சரை வேரோட புடுங்கிப் போடும், கைவிட்ட டாக்டருங்களை வெட்கப்படுத்தும்” என்றார். ஜெபிக்கிறவர் வாயை யாரும் பொத்த முடியாது. நான் கண்ணைத் திறந்தேன். கட்டிலில் என் வீட்டுக்காரர் கண் ஏற்கெனவே திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமென் வர வெகு நேரமாயிற்று.

எல்லோரும் காபி குடித்துவிட்டுப் போன பிறகுதான் பேசினார்.

“எத்தினி நாளா தெரியும் உனக்கு?”

ஆபரேஷன் அன்றே தெரியும் என்றேன். நோட்டைக் கேட்டார். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். எழுதி நிறுத்தியிருந்த பக்கத்தைப் புரட்டினார். பேனா விரலில் நிற்கவில்லை, இரண்டு முறை போர்வையில் விழுந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு, நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றேன். கதவைத் திறந்தவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்திலேயே அது தெரிந்தது.

“உன்கிட்ட சொல்ல மாட்டேன்” என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். என்னோடு பேசாமல் இல்லை. தண்ணீர் கேட்டார், காலைப் பிடித்துவிடச் சொன்னார், மகளை டைப்ரைட்டிங்கில் சேர்க்கச் சொன்னார். நான் அழுது மன்னிப்புக் கேட்டேன். சரி விடு என்றார். நாடகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் நினைவாக அதையே போட்டார்கள். முடிவைக் கமிட்டியில் யாரோ எழுதினார்கள். பெண்டாட்டி புருஷன் காலில் விழுந்து அழுகிறாள், பிறகு இரண்டு பேரும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறார்கள். ஜனங்கள் மூக்கைச் சிந்தினார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் நினைத்தது இது இல்லை என்று எழுந்து சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்படியானால் எது என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் அவரிடம் சொல்லியிருந்தால், அவர் என்னிடம் சொல்லியிருப்பார்.