செவ்வாய்க்கிழமையும் ரோமரின் கோழிகளும்

பலேர்மோவில் எங்கள் வீடு வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய தெருவில், நான்காம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. வந்த புதிதில் அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. என் கணவர் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். முந்தைய கோடையில் ஒருநாள் வேலைக்கு ஓடும்போது தெருவில் வழுக்கி விழுந்து வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் படிகளுக்கும் எனக்கும் பகை. கால் எப்படி என்று கேட்டால், பரவாயில்லை என்பார். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான். நான் வாயாடி, அவர் வாய் திறக்காதவர். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடுகிறது.

எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. படி ஏறத் தேவையில்லாத ஒரு கீழ்வீடு. நகரின் நடுவில் அப்படி ஒன்று அகப்படுவது லேசில்லை. காலியாகும் கீழ்வீடெல்லாம் சுற்றுலாக்காரருக்கு வாடகை அறையாகிவிடுகிறது. தெருவுக்குத் தெரு பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்குப் போகும் வீட்டு அம்மா, சிஞ்ஞோரா என்றுதான் அழைப்பேன், நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எங்கள் பக்கத்துத் தெருவில் அவருக்கு ஒரு சிறிய கீழ்வீடு இருந்தது. குடியிருந்தவர்கள் போய்விட்டார்கள். அன்று பின்னேரம் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தால் சாவியைக் கையில் தருவேன் என்றார். குடிவரும் ஆண்பிள்ளையின் முகத்தைப் பாராமல் அவர் சாவி கொடுப்பதில்லை. அவருடைய அண்ணன் மகன் மறுநாள் வர இருந்தான். வீட்டைச் சுற்றுலா அறையாக்கத் தரும்படி அவன் நெடுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். தர மனமில்லை, ஆனால் ஒரு காரணம் இல்லாமல் மறுக்கவும் முடியவில்லை என்றார் சிஞ்ஞோரா.

நான் மிச்சத் துணியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். கணவர் அப்போதுதான் மத்தியான வேலை முடிந்து வந்து, முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு குசினியில் சாப்பாட்டு மேசையடியில் இருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இண்டைக்குச் செவ்வாய். அதோடை தபசுகாலம். உயிர்த்த ஞாயிறு கழியட்டும், பாப்பம்," என்றார்.

இது புதிய கதை இல்லை. இலங்கையில், எங்கள் சொந்த ஊரான மன்னாரில், எங்கள் ஆட்கள் தபசுகாலத்தில் கல்யாணம் வைப்பதில்லை, வீடு மாறுவதில்லை. செவ்வாயில் நல்ல காரியம் தொடங்குவதும் இல்லை. வேதக்காரரான கத்தோலிக்கருக்குச் செவ்வாய் என்ன, வெள்ளி என்ன என்று கோயில் சுவாமியார் பகிடி பண்ணினாலும் யாரும் விட்டபாடில்லை. ஆனால் என் கணவர் அதையெல்லாம் பெரிதாகப் பார்க்கிற ஆள் இல்லை. எங்கள் டீவி ஒரு செவ்வாயில் வாங்கியது என்று நினைவூட்டினேன். அது வேறு, இது வேறு என்று சொல்லிவிட்டார்.

மகள் அதே குசினிக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவள் முறை. ரோமரும் கார்த்தேஜ்காரரும் சிசிலிக்காக அடிபட்ட போர்தான் பாடம். பாதி இத்தாலியனிலும் பாதி தமிழிலும் அவள் சொன்னதை என் காது தானாகவே பிடித்துக்கொண்டது, ஏனென்றால் சண்டை நடந்தது இந்த ஊரில்.

கார்த்தேஜ் படை யானைகளோடு பலேர்மோவை நோக்கி வந்திருக்கிறது. நகருக்குள் இருந்த ரோமத் தளபதி வெளியே தலைகாட்டவில்லை. அறுவடைக்கு நின்ற வயல்களை அவர்கள் நாசமாக்கியபோதும் பேசாமல் இருந்தான். இவன் பயந்துவிட்டான் என்று நினைத்து அவர்கள் ஒரேத்தோ ஆற்றைக் கடந்து மதிலடிக்கே வந்துவிட்டார்கள். யானைகள் அகழியை நெருங்கியதும் மேலேயிருந்தும் அகழிக்குள்ளிருந்தும் ஈட்டிகள் பறந்தன. காயப்பட்ட யானைகள் திரும்பித் தங்கள் படையையே மிதித்துக்கொண்டு ஓடின. அந்த நேரம் பார்த்துத் தளபதி வாசலைத் திறந்து பக்கவாட்டில் அடித்தான். யானைகளை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்த ஆற்றுப் பாலத்தால் நான் பஸ்ஸில் எத்தனையோ தரம் போயிருக்கிறேன்.

கணவருக்கு முகம் மலர்ந்தது. "பாத்தீரோ? பொறுத்திருந்தவன்தான் வெண்டான்."

"அவர் கிழமை பாத்துப் பொறுக்கேல்லை, அப்பா," என்றாள் மகள். "யானை வருமட்டும் பொறுத்தவர். வந்த உடனை வாசலைத் திறந்திட்டார்."

எங்கள் யானை இன்றைக்கு வந்துவிட்டது என்றேன் நான்.

ரோமர் நாள் நட்சத்திரம் ஒன்றும் பார்ப்பதில்லையா என்று அவர் கதையை மாற்றினார். பார்ப்பார்களாம், கோழியை வைத்து என்றாள் மகள். சண்டைக்கு முன் கூட்டைத் திறந்து தீனி போடுவார்கள். கோழிகள் ஆவலாய்க் கொத்தினால் போகலாம், கொத்தாவிட்டால் நிற்க வேண்டும். இங்கே யானைகளை வென்ற கொஞ்சக் காலத்தில் இன்னொரு ரோமத் தளபதி கப்பல்களோடு திராப்பனித் துறைமுகத்தைப் பிடிக்கப் போனானாம். கோழிகள் தின்னவில்லை. கோபத்தில் அவற்றைத் தூக்கிக் கடலில் எறிந்துவிட்டுச் சண்டைக்குப் போய், பெரும்பாலான கப்பல்களை இழந்தான். கணவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆனால் மகளின் ஆசிரியை கோழிகளைக் குற்றம் சொல்லவில்லை. அவன் கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழையும்போதே எதிரி மற்றப் பக்கத்தால் வெளியே கடலுக்குப் போய்விட்டான். இவர்கள் அவசரமாகத் திரும்பப் போய் ஒன்றோடொன்று மோதிக்கொண்டார்கள். பிடிக்க வேண்டிய நேரம் கொஞ்சத்தில் தப்பிவிட்டது.

ஆசிரியை இன்னொன்றும் சொன்னாராம். சண்டைக்குப் போக விருப்பமில்லாத தளபதிக்கும் அந்தக் கோழிகள் உதவியிருக்கும். கோழி தின்னவில்லை என்று சொன்னால் அவனைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவர் சிரிக்கவில்லை, ஐஸ் பையைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

நான் தனியாகவே போனேன். அவர் எங்கே என்று சிஞ்ஞோரா கேட்டார். செவ்வாய், தபசுகாலம் என்று விளக்கினேன். அவருக்கு அது நன்றாகவே விளங்கியது. செவ்வாயிலும் வெள்ளியிலும் கல்யாணம் கட்டுவதில்லை, பயணம் தொடங்குவதில்லை என்பது இந்த ஊர்க்காரருக்கும் உள்ள வழக்கம்தான். அப்படியானால் ஈஸ்டருக்குப் பிறகு பார்ப்போம், வீடு அதுவரை இருந்தால் என்றார். அண்ணன் மகன் மறுநாளே அளவு நாடாவோடு வந்துவிட்டான்.

தபசுகாலம் முழுக்க எனக்குக் கோபம். இறைச்சியை விட்டேன், கோபத்தை விட முடியவில்லை. சோற்றை நான் மேசையில் வைக்கிற சத்தமே அதைச் சொல்லியிருக்கும்.

உயிர்த்த ஞாயிறன்று தமிழ்ப் பூசை முடிந்து திரும்பும்போது அந்த வீட்டைத் தாண்டித்தான் வந்தோம். புதுப் பூச்சு, கதவில் எண்ணை அமுக்கித் திறக்கிற பூட்டு, வாசலில் இரண்டு உருட்டுப் பெட்டி. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மகள் சாப்பாட்டைச் சூடாக்கவென்று முன்னால் ஓடி ஏறிவிட்டாள். இரண்டாம் மாடியில் கணவர் நின்றார். பிறகு கைபிடியைப் பிடித்தபடியே படியில் குந்திவிட்டார்.

"அண்டைக்குச் செவ்வாய் எண்டதாலை இல்லை," என்றார். "அப்பதான் ஏறி வந்தனான். இறங்கினால் திரும்ப ஏற ஏலாது எண்டு தெரியும். நீர் வேலையிலை நிக்கேக்கை நான் படியிலை குந்திக் குந்தி, பின்பக்கமாத்தான் ஏறுறனான். உமக்கு முன்னாலை அப்பிடி ஏற மனம் வரேல்லை."

அவர் மேல் இருந்த கோபம் அந்தப் படியிலேயே போய்விட்டது. அழுகைதான் வந்தது. எந்தக் காலுக்காகக் கீழ்வீடு தேடினேனோ அந்தக் கால்தான் அதைத் தவறவிட்டிருக்கிறது.

அழுதுகொண்டே போனை எடுத்தேன். ஈஸ்டர் மத்தியானம் பலேர்மோவில் ஒரு குடும்பத்தைச் சாப்பாட்டு மேசையிலிருந்து யாரும் எழுப்புவதில்லை. சிஞ்ஞோராவின் குரலோடு தட்டுகளின் சத்தமும் கேட்டது. என் கணவருக்குப் படி ஏற முடியாது, அன்றைக்கு வராததற்குக் காரணம் அதுதான், வேறெதுவும் இல்லை என்று சொன்னேன். எங்கேயாவது ஒரு கீழ்வீடு காலியானால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள்தான் இங்கே ஏறி வர வேண்டும் என்றும் சொன்னேன். படியில் இருந்த கணவருக்கு இத்தாலியன் என்னைவிட நன்றாக விளங்கும். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தடுக்கவில்லை.

நாளைக்கு வருகிறேன், எத்தனையாம் மாடி என்று சிஞ்ஞோரா கேட்டார்.

நான்காம் மாடி என்றேன். கணவர் சுவரோரமாக நகர்ந்து, படியில் எனக்கும் இடம் விட்டார்.