தகிசாவாவின் முழங்கால்

இருபத்திரண்டு வருடங்களில் ஒரு குழுவைக்கூடப் பாதி வழியில் திருப்பிக் கூட்டி வந்ததில்லை என்பதுதான் தகிசாவாவின் பெருமை. நகானோ மலையில் பனிச்சறுக்கு வழிகாட்டிகள் நிறையப் பேர். விடுதிச் சுவரில் படம் தொங்குவது அவருக்கு மட்டும்.

அந்தப் பிப்ரவரியில் ஓனுமா என்ற கம்பெனி முதலாளி ஆறு பேரோடு வந்தார். வடக்குச் சரிவில்தான் இறங்குவாராம். போகும் வழியில், பனி சரியுமா என்று பார்க்கத் தகிசாவா நெஞ்சளவு குழி தோண்டினார். பனியில் ஒரு தூணைத் தனியே அறுத்து, அதன் தலையில் ஷவலை வைத்துத் தட்டினார். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து என்பது முறை; முப்பதையும் தாங்கினால்தான் நம்பி இறங்கலாம். பன்னிரண்டாம் தட்டிலேயே தூணின் மேல்பாதி மேஜை டிராயர் போல வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் சர்க்கரையாய் உதிரும் பனி.

"இந்த எடம் சரியில்ல" என்று தள்ளிப்போய் இன்னொன்று தோண்டினார். அதுவும் பதினொன்றில் விழுந்தது. மூன்றாவதை மரத்தடியில் தோண்டினார். முப்பதுக்கும் அசையவில்லை.

"பாத்தியா, கல்லு மாதிரி நிக்குது."

குழுவுக்குக் கடைசியில் வரும் துணை வழிகாட்டி ஹிசாயே எட்டிப் பார்த்தாள்.

"நிக்கும்ணே. போறவன் வர்றவன்லாம் ஒண்ணுக்குப் போக ஒதுங்கி மிதிச்ச எடம்."

"மெதுவாப் பேசு. மொதலாளி காதுல விழும்."

"மூணு டாக்டரப் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னவன் பேச்ச மட்டும் கேக்குற ஆளுண்ணே நீங்க."

ஏறினார்கள். சரிவின் விளிம்பில் தகிசாவா கால் வைத்ததும் அடியில் 'தொம்' என்றது. பனி விரலளவு கீழே அமர்ந்தது. அவர் காலருகிலிருந்து ஒரு விரிசல் ஓடியது. பின்னால் எட்டு உயிர். "திரும்புங்கள்" என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அப்படியே உட்கார்ந்தார்.

"முழங்காலு... பழைய வலி. மன்னிக்கணும் மொதலாளி. உங்களுக்கெல்லாம் பாரமாப் போயிட்டேன்."

பனியோடு என்றால் ஓனுமா வாதாடியிருப்பார். முழங்காலோடு எப்படி வாதாடுவது? குனிந்து வணங்கி, தகிசாவாவின் பையைத் தானே தூக்கிக்கொண்டார்.

மதியம் விடுதியில் நூடுல்ஸ் உறிஞ்சும்போது வடக்குச் சரிவின் பனி மொத்தமாகச் சரிந்து இறங்கியது. ஜன்னல் அதிர்ந்தது. ஓனுமா குச்சிகளைக் கீழே வைத்தார்.

"அந்த முழங்காலுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

அன்றிலிருந்து ஊர் முழங்காலைத்தான் கேட்கிறது. விடியலில் ஹிசாயே குழி தோண்டி எழுதும் நோட்டைத் தகிசாவா தவிர யாரும் திறப்பதில்லை. அவர் அதைப் பார்த்துவிட்டு அதற்குத் தகுந்த அளவு நொண்டுகிறார். சந்தேகம் வரக் கூடாதென்று பனியே இல்லாத ஜூலையிலும் கொஞ்சம் நொண்டுகிறார்.

"நான் சொன்னா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. உங்க காலு சொன்னா பேசாம வீட்டுக்குப் போறாங்க. நொண்டுங்க" என்றுவிட்டாள் ஹிசாயே.

போன மாதம் அவசரத்தில் இடது காலுக்குப் பதில் வலது காலை நொண்டிவிட்டார். விடுதிக்காரர் முகம் வெளுத்தது.

"ரெண்டு காலுக்கும் பரவிடுச்சே" என்று வாசல் பலகைக்கு ஓடி, பனிச்சரிவு அபாயம் ஐந்துக்கு இரண்டு என்றிருந்ததை அழித்து நான்கு என்று எழுதினார். நோட்டில் இரண்டுதான்.

ஹிசாயே நோட்டை மூடினாள்.

"நாளைக்குக் கையும் வலிக்குதுன்னு சொல்லுங்கண்ணே. ஊரையே காலி பண்ணிடலாம்."