சிவப்புக் காரும் அது விட்ட புகையும்

மெக்கானிக்காக இருப்பவனிடம் ஊரில் ஒருவரும் "நல்லாருக்கியா" என்று கேட்க மாட்டார்கள். "ஒரு சத்தம் வருது, என்னன்னு பாரு" என்றுதான் பேச்சையே தொடங்குவார்கள். கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். ராஜபாளையத்தில் இருபது வருஷமாக ஷெட் வைத்திருக்கிறேன். எந்தச் சோப்புக்கும் வெளுக்காத நகத்தோடு இதைப் படிக்கிற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை, மெக்கானிக்கைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே நினைத்து வைத்திருப்பதுதான்.

நம்பர் போதும்

எங்கள் பக்கம் புகைச் சான்றிதழ் வாங்க ரொம்ப காலம் காரே தேவைப்படவில்லை. போனில் நம்பரைச் சொன்னால் காகிதம் வந்துவிடும். கார் பாட்டுக்கு வீட்டு வாசலில் நிற்கும். கூமாப்பட்டி கணேசன் அண்ணாச்சியும் அப்படியே பழகியிருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவர் மனைவி மல்லிகா மதினிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது. திங்களும் வியாழனும் ராஜபாளையம் வந்து டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அந்தப் போக்குவரத்துக்காகவே பழைய சிவப்புப் பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருந்தார்.

காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்து, பதிவைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. புகைச் சான்றிதழ் இல்லாமல் மற்ற காகிதம் எதுவும் நகராது. வழக்கம்போல ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் இருக்கும் சோதனைக் கடைக்குப் போன் போட்டு நம்பரைச் சொன்னார். கேமரா, மிஷின் எல்லாம் புதுசாக வந்துவிட்டது, வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கொண்டுபோனார், பெயிலாகிவிட்டது. பதிவு முடிந்த காரை ரோட்டில் ஓட்டிப் போலீஸிடம் கெஞ்ச மாட்டேன் என்று நேராக என் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார். அவர் கோபம் முழுக்கச் சோதனைக் கடைக்காரர் மேல்தான்.

"பேப்பருதான தம்பி கேட்டேன்? அவன் கொழாய்க்குள்ள கம்பிய விட்டு நோண்டிட்டான்!"

ஆளுக்கொரு வைத்தியம்

காய்ச்சலுக்கும் காருக்கும் வைத்தியம் சொல்லாத ஆள் தமிழ்நாட்டில் இல்லை. பிளவக்கல் அணை வரைக்கும் செகண்ட் கியரிலேயே விரட்டிக்கொண்டு போனால் உள்ளே இருக்கிற புகையெல்லாம் வெளியேறிவிடும் என்றார் ஒருவர். பெட்ரோலில் தின்னர் கலக்கச் சொன்னார் இன்னொருவர். நான் பிளக் மாற்றினேன், ஆயில் மாற்றினேன், சென்சார் மாற்றினேன். நான் சாப்பிடப் போன நேரத்தில் அண்ணாச்சி தின்னரையும் ஊற்றிவிட்டார்.

மறுபடி சோதனைக்குப் போனோம். முதல் தடவையை விட மோசமாகப் பெயிலானது. எல்லையில் பனியில் நின்ற கதையைச் சொல்லி, கொஞ்சம் பார்த்துச் செய்யக் கூடாதா என்று அண்ணாச்சி கேட்டார். கடைக்காரர் பாவம், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"சார், எங்க சித்தப்பா வண்டியவே இது பெயிலாக்கிருச்சு. இந்த மிஷினுக்குச் சொந்தமும் தெரியல, பந்தமும் தெரியல."

சத்தத்துக்காக வாங்கிய கார்

பிறகுதான் காரை ஒழுங்காகக் குடைந்தேன். பானெட்டுக்கு அடியில் பெயிண்ட் வெள்ளையாக இருந்தது. மேலே இருந்த சிவப்பு, அண்ணாச்சிக்கு முன்னால் காரை வைத்திருந்தவர் அடித்தது. ராஜபாளையத்தில் மில் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை அவர். கம்பெனி ஏர் பில்டரைக் கழற்றிவிட்டுக் கூம்பு மாதிரி ஒன்றை மாட்டியிருந்தார். பின்னால் என் கை நுழையும் அளவுக்கு ஒரு சைலன்சர். இரண்டையும் கழற்றிப் பழையபடி கம்பெனிச் சாமானை மாட்டினேன். மூன்றாவது சோதனையில் புகை குறைந்திருந்தது, ஆனால் பாஸாகவில்லை.

வேறு என்ன மாற்றினீர்கள் என்று அந்தப் புண்ணியவானுக்கே போன் போட்டுக் கேட்டேன். வேறு எதிலும் கை வைக்கவில்லை என்றார். ஒரு தடவையாவது உண்மையாகப் புகை சோதனைக்குப் போனீர்களா என்றும் கேட்டேன். சிரித்தார்.

"பொகைக்கு எவண்ணே கார் வாங்குவான்? சத்தத்துக்குத்தான வாங்குறோம்!"

பிளாஸ்டிக் நாற்காலி

இதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. கொஞ்ச நாள் வாடகைக் கார் பிடித்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. பிறகு பஸ்தான். கூமாப்பட்டியிலிருந்து வத்திராயிருப்பு, அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், அங்கிருந்து ராஜபாளையம். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது மதினி என் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். முகம் காகிதம் மாதிரி வெளுத்திருக்கும். தண்ணீர் கொடுக்கலாம் என்றால் அளவு உண்டு, அரை டம்ளருக்கு மேல் ஆகாது. கார் எப்போது சரியாகும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பஸ்ஸில் உட்கார இடமாவது கிடைக்கிறதா மதினி என்று நான்தான் கேட்டேன்.

"எடமெல்லாம் குடுக்காங்க தம்பி. எறங்குறப்பதான் கால் நிக்க மாட்டேங்குது, காலை யாரு குடுப்பா?"

இரண்டு பொட்டு

அன்றைக்கே காருக்கு அடியில் படுத்தேன். இன்ஜினிலிருந்து வரும் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற டப்பா ஒன்று உண்டு, கன்வெர்ட்டர் என்போம். தட்டினேன், காலித் தகரம் மாதிரி கணகணத்தது. உள்ளே தேன்கூடு போல் இருக்க வேண்டியது இல்லவே இல்லை. யாரோ டப்பாவை அறுத்து, உள்ளே இருந்ததைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, மறுபடி வெல்டு வைத்து மூடியிருக்கிறான். எந்தக் களவாணிப் பயல் செய்த வேலை என்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே டார்ச் அடித்தேன். வெல்டு முடிந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பொட்டு.

உங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கைக்கும் வெல்டில் ஒரு பழக்கம் உண்டு. முடித்த இடத்தில் இரண்டு பொட்டு வைக்கிறவன் எங்கள் ஊரில் நான் ஒருவன்தான். எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே கிடந்தேன். வெள்ளைக் கார் ஞாபகத்துக்கு வந்தது. அதன் முதல் சொந்தக்காரர், சேத்தூர் ஆள், வண்டி மேடு ஏற மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்திருந்தார். டப்பா அடைத்திருந்தது. புதுசு மாற்றச் சொல்லியிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் குத்தி எடுத்துக் கொடுத்தேன், வண்டி பறந்தது. புகை சோதனையில் வில்லங்கம் வராதா என்று அந்த மனிதர் கேட்கத்தான் செய்தார். நான் சொன்ன பதில் ஒரு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"எவன் அண்ணாச்சி கொழாய்க்குள்ள குனிஞ்சு பாக்கப் போறான்? நம்பரச் சொல்லுங்க, பேப்பரு வந்துரும்!"

பாஸ்

கணேசன் அண்ணாச்சியிடம், "டப்பாவுல எவனோ கை வச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னேன். மதுரையிலிருந்து புது டப்பா வர ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்து வியாழக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மதினி படியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. டப்பா வந்ததும் மாட்டிக் கொண்டுபோனேன். முதல் தடவையிலேயே பாஸ். டப்பாவுக்கு நான் காசு வாங்கவில்லை. அண்ணாச்சி அதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொண்டார்.

பதிவு புதுப்பித்த பிறகு, ஒரு திங்கட்கிழமை இருவரும் காரில் வந்து ஷெட் முன்னால் நின்றார்கள். பின் சீட் முழுக்க மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு மதினி சாய்ந்திருந்தார்கள். "அந்த டப்பாவக் குத்துன பய மட்டும் என் கையில கெடைக்கட்டும்" என்று அண்ணாச்சி பல்லைக் கடித்தார். சொல்லிவிட வேண்டும் என்று கிட்டே போய் ஜன்னலைப் பிடித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மதினி அவரை அடக்கினார்கள்.

"ஏசாதீங்க. கெடுத்தவன் எவனோ போறான், சரிபண்ணிக் குடுத்தது இந்தத் தம்பிதான?"

அன்றிலிருந்து வெல்டை முடிக்கும் இடத்தில் நான் அந்த இரண்டு பொட்டை வைப்பதில்லை; தொழில் சுத்தமாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள், ஆள் அடையாளம்தான் இல்லாமல் போயிருக்கிறது.