படையலில் ஒரு பச்சை மீன் தட்டு

தில்லையில் ஆடும் பெருமானே, எழுதும் கைக்கு உன் திருவடியே துணை.

சோமவாரமும் பிரதோஷமும் கூடிய இந்நன்னாளில், மாலைப் பூசை முடித்து இதனை எழுத அமர்கிறேன். சென்ற ஆண்டுக் குளிர்காலத்தில், மெல்பேர்ணின் கிரான்பர்ன் பகுதியில், எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில் நடந்தது இது.

அவ்வீட்டுத் தலைவர் நாற்பதுகளிலேயே மாரடைப்பால் காலமானார். இறந்த எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவன்று திருமுறை ஓத என்னை அழைத்திருந்தனர். இறந்தவர் விரும்பி உண்டவற்றையெல்லாம் அன்று படைத்து, பின் வந்தோர் அனைவரும் பகிர்ந்து உண்பது யாழ்ப்பாணத்தார் வழக்கம். ஆட்டிறைச்சி, நண்டு, கணவாய் எல்லாம் வாழையிலையில் ஏறிவிட்டன; அருகே விஸ்கிப் போத்தலும் இருந்தது. கடைசியாக அவருடைய மனைவி ஒரு தட்டைக் கொண்டுவந்தார். ஸ்பிரிங்வேலில் வாங்கிய, ஜப்பானியர் சமைக்காமலே உண்ணும் பச்சை மீன். மெல்லிய துண்டுகளாக அரிந்து, ஷிசோ என்னும், ஓரம் பற்களாய் வெட்டுண்ட இலைகளின்மேல் அடுக்கியிருந்தது. சனிக்கிழமைதோறும் கணவனும் மனைவியும் தேடிப்போய் உண்பார்களாம்.

இறந்தவரின் தமையனார் வழிமறித்தார்.

"அவன் என்ன பூனையே, பச்சை மீன் படைக்க?"

சிலர் சிரித்தனர். அப்பெண் என்னைப் பார்த்தார். விஸ்கியை மட்டும் சமைத்தா வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்டேன். அவர் விரும்பியது எதுவோ அதுவே படையல் என்றும் சொன்னேன். தட்டு இலையோரத்தில் இடம்பெற்றது.

ஆயினும் பதிகம் ஓதி, தீபம் காட்டி, உண்ண அமர்ந்தபின் அத்தட்டை எவரும் தொடவில்லை. ஒருவருக்கு வயிறு சரியில்லை, இன்னொருவருக்குப் பிரஷர். தமையனார் நண்டுக்கால் வைப்பதற்கு இடம் வேண்டி அதைத் தள்ளிவைத்தார். சைவ உணவினனாகிய நான், மீன் படாத ஷிசோ இலை ஒன்று கேட்டேன். அப்பெண் கழுவித் தந்தார்; மென்றேன். துளசியும் சீரகமும் கலந்தாற்போல ஒரு வாசம். முடிவில் இலேசான கசப்பு.

"ஐயாவும் சைவத்தை விட்டு மச்சத்துக்கு மாறப்போறார் போல," என்றார் தமையனார். மறுபடியும் சிரிப்பு.

அப்பெண் கதிரையை இழுத்துப்போட்டுத் தட்டின் முன் அமர்ந்தார். ஒரு துண்டை இலையில் சுருட்டி, சோயா சோஸில் ஓரம் மட்டும் தோய்த்தார்.

"இவர் இப்பிடித்தான் அங்கிள், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். இடையில கதைச்சாக் கோவம் வரும்."

தாமும் கண்ணை மூடி உண்டார். கண்ணீர் வழிந்தது; ஆயினும் ருசித்தே உண்டார். கடைசித் துண்டுவரை, நிரம்பியிருந்த அந்தக் கூடத்தில், மீனை உண்டவர் அவர் ஒருவர்தாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்ததும் அவர் சிட்னிக்கு, ஸ்ட்ராத்ஃபீல்டில் வாழும் தம் தமக்கையிடம் போய்விட்டார். தம்பியின் மனைவி தங்களை மறந்துவிட்டாள் என்று தமையனார் இன்றும் கோயிலில் என்னிடம் குறைப்படுகிறார். இறந்தவருக்காக உருகி ஓதும் பாடலெல்லாம், அவருக்காக அழுபவரோடு ஒரு கவளம் பகிர மாட்டாத கூட்டத்தில் யார் செவியில் விழும் என்று, பதிகம் எடுக்கும்போதெல்லாம் என் நா தயங்குகிறது.

இதனைப் படிப்போர் எவரும் துயர நாளில் தனித்து உண்ணாதிருக்க ஈசன் அருள்க.