அம்மாவின் அறையில் பதில் சொன்னது யார்?

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பேகம்பேட்டில் எங்கள் ஆபீஸில் ஒருத்திக்கு மத்தியானச் சாப்பாட்டின்போது இதே பேச்சுதான். லிஃப்டில் யாரோ கூடவே வந்தார்களாம், கண்ணாடியில் தெரியவில்லையாம். "கண்ணாடியைத் துடைச்சு நாளாச்சு, அதான் தெரியல, சாப்பிடு" என்று அவள் வாயை அடைத்தவள் நான்தான். இப்போதும் எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நடந்தது நடந்ததுதான். நீங்கள் நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் அம்மா திருமுல்கேரியில் ஒரு சர்ச் நடத்துகிற முதியோர் இல்லத்தில் இருந்தாள். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம். தாத்தா காலத்திலேயே பட்டாளத்துக்குத் துணி தைக்க வேலூரிலிருந்து சிகந்தராபாத் வந்தவர்கள். "சாமி கும்பிடற பொம்பளைய கொண்டுபோய் பாதிரியார் கையில குடுத்துட்டா" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசினவர்களில் ஒருத்தர்கூட ஒரு நாள் அம்மாவைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. புனாவில் இருக்கிற என் தம்பி வாட்ஸ்அப்பில் கைகூப்பின படம் அனுப்புவான், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அல்வாலில் மாடியில் ஒரு சின்ன போர்ஷன், செங்குத்தான படி. அம்மாவால் ஏற முடியாது, நான் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அந்த இல்லத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. வெள்ளைக்காரன் காலத்தில் கண்டோன்மென்ட் முழுக்கத் தமிழ் வேலைக்காரர்கள். சமையல்காரர்கள், துரை வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கள், பட்டாளத்தில் செத்தவர்களின் பெண்டாட்டிகள். துரைகள் கப்பல் ஏறியபோது இந்தக் கிழவிகளைக் கூட்டிக்கொண்டா போவார்கள்? அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். தெருவில் கிடந்தவர்களைச் சேர்த்துவைத்து, சர்ச் பெண்கள் ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம் கட்டினார்கள். ஒரு வராந்தா, வரிசையாக அறைகள், ஆளுக்கு ஒன்று. ஆரம்ப நாட்களில் ஒரு கிழவி கதவைச் சாத்திக்கொண்டு செத்துப்போயிருக்கிறாள், நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்ததாம். துரைகளோடு போகாமல் இங்கேயே தங்கி அதை நடத்தின மிஷனரி வெள்ளைக்கார அம்மாள் அன்றிலிருந்து ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். காலையில் ஒரு முறை, ராத்திரி விளக்கணைக்கும் முன்னால் ஒரு முறை, வராந்தாவில் நடந்து ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் மட்டும் திறந்து பார்ப்பார்கள். இன்றுவரைக்கும் அதை விடவில்லை.

இப்போது அங்கே தமிழர்கள் குறைவு. தெலுங்கு அம்மாக்கள்தான் அதிகம். ஆனாலும் பதில் மட்டும் தமிழில்தான். தமிழில் வேறு ஒரு வார்த்தை தெரியாது, இதை மட்டும் சொல்வார்கள். ரிடையர்ட் டீச்சர் ஒருத்தி "இங்கா இருக்கேன்" என்பாள். இங்கா என்றால் தெலுங்கில் இன்னும். இன்னும் சாகவில்லையாம். அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள். என் அம்மா பங்குக்கு "இருக்கேன், இருக்கேன், எங்க போயிடப்போறேன்" என்பாள்.

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தப்பித்தது, மெதுவாக நடந்தாள், தானே சாப்பிட்டாள். பேச்சு மட்டும் போய்விட்டது. சுத்தமாக, ஒரு சத்தம்கூட வராது. வார்டன் கருணா நல்லவள். கம்மம் பக்கத்துப் பெண், அவள் பேசுவது தெலுங்கு, நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். தட்டுவாள், பதில் வராது, கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பாள், அம்மா தலையாட்டுவாள், கருணா அடுத்த கதவுக்குப் போய்விடுவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் இல்லத்துக்கு ஒரு செயலாளர் புதிதாக வந்திருந்தார். தமிழ்க்காரர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தோ பாரும்மா, இது ஆஸ்பத்திரி இல்ல. ஆரம்பத்துலேருந்தே ரூலு. தன் கால்ல நடக்கணும், தன் வாயால பதில் சொல்லணும். முடியலன்னா வீட்டாளுங்க கூட்டினு போயிடணும்."

"எங்க கூட்டினு போறது சார்? நீங்க வந்து என் வீட்டுப் படியைப் பாருங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. நக்கோம்மா, வேணாம். ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் படுத்துனே இருப்பாங்க. சனிக்கிழம காலைல நானே வந்து தட்டறேன். பதில் வந்துச்சுன்னா ஓகே."

வெளியே வந்து அவரை வாய்விட்டுத் திட்டினேன். அதை இங்கே எழுத முடியாது. பிறகு யோசித்தேன். சனிக்கிழமை விடியும் முன்பே அம்மாவின் அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுவது, அவர் தட்டும்போது நான் அம்மா மாதிரி பதில் சொல்லிவிடுவது. ஏமாற்றத்தான் போனேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உஸ்மானியா பிஸ்கெட்டை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தம் நெருங்கி வந்தது. "இருக்கேன்." அடுத்த கதவு. "இங்கா இருக்கேன்." அவர் எங்கள் கதவைத் தட்டினார். நான் அம்மாவின் குரலுக்காகத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறக்கப் போனேன்.

"இருக்கேன்."

நான் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அவள் வாயில் பிஸ்கெட் இருந்தது, மென்றுகொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் எனக்குப் பின்னால், ஜன்னல் பக்கத்திலிருந்து வந்தது. கட்டைக் குரல், வயதான பெண்பிள்ளையின் குரல். என் அம்மாவுடையது மெல்லிசாகக் கீச்சென்று இருக்கும், இது அது இல்லவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். துணி மாட்டுகிற கொக்கி, அம்மாவின் ஸ்வெட்டர், சுவர். அவ்வளவுதான். பயமா என்று கேட்காதீர்கள். பயம் வரவில்லை. டீ ஆறிவிடுமே என்று அடுத்த பிஸ்கெட்டை நனைத்தேன்.

வெளியே செயலாளர் குரல் கேட்டது. "பளிச்சுனு சொல்றாங்களே! இவங்களுக்கா பேச்சு வரலன்னு சொன்னீங்க? கைக்கு, எதுக்கு இப்படிப் புளுகறீங்க?" என்று யாரையோ கடிந்துகொண்டே அடுத்த கதவுக்குப் போனார். அவருக்கு அம்மாவின் பழைய குரல் தெரியாது.

கருணா என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். "சூப்பர் ஆக்டிங் அக்கா."

"நான் இல்ல."

"சரி சரி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கண்ணடித்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸில் இருக்கும்போது அவளே போன் செய்தாள். நான் இல்லாதபோதும் பதில் வருகிறதாம். காலையிலும் வருகிறது, ராத்திரியும் வருகிறது. ஸ்ட்ரோக்கில் குரல் மாறிப் போயிருக்கிறது, ஆனால் பேச்சு திரும்பிவிட்டது, தேவனுக்கு ஸ்தோத்திரம் என்றாள். டாக்டரிடம் கேட்டேன். சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் திரும்பி வரும், பழக்கப்பட்ட வார்த்தையாக இருக்கும், நல்ல அறிகுறி என்றார். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கணைக்கிற நேரம்வரை இருந்து பார்த்தேன். கருணாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அம்மாவின் வாயை என் உள்ளங்கையால் மூடினேன். அம்மா விலக்கவில்லை. கருணா தட்டினாள். "இருக்கேன்" என்று வந்தது, அதே ஜன்னல் பக்கத்திலிருந்து, அதே கட்டைக் குரலில். என் உள்ளங்கையில் அம்மாவின் உதடு அசையவில்லை. நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். அக்கம்பக்கத்து அறையிலிருந்து வந்திருக்கும் என்பீர்கள். அது கடைசி அறை. ஜன்னலுக்கு வெளியே மதில் சுவர், நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூட இடமில்லை, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அம்மாவிடம் "யாரும்மா அது?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு படுத்துக்கொண்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவின் இடம் போய்விடும். யார் பதில் சொன்னால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கருணா அழுதுகொண்டே கூப்பிட்டாள். காலையில் தட்டியிருக்கிறாள், பதில் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும்வரை அங்கே சாப்பாடு கிடையாது. எல்லோரும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சாப்பாட்டுக்கு மணி அடித்தால் அம்மா வரவில்லை. கதவைத் திறந்தால் அம்மா தரையில் கிடக்கிறாள். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில், கதவைப் பார்த்தபடி, ஒரு கை நீட்டியபடி.

டாக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். உடம்பு விறைத்துவிட்டிருந்தது. நேற்று ராத்திரி சாப்பிட்டு வந்தவுடனேயே விழுந்திருக்க வேண்டும் என்றார். உடனே போயிருக்க மாட்டார்கள், கொஞ்ச நேரம் இருந்திருப்பார்கள், யாராவது பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விளக்கணைக்கும் முன் தட்டினாயா என்று கருணாவைச் செயலாளர் கேட்டார். தட்டினேன் சார், பதில் வந்தது என்றாள். காலையில்? வந்தது சார். பொய் சொல்கிறாள் என்று எல்லோர் எதிரிலும் அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் பொய் சொல்லவில்லை என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். "அவளை விடுங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

தம்பி விமானத்தில் வந்து கொள்ளி வைத்துவிட்டு மறுநாளே போனான். எனக்கு அழுகை வரவில்லை. எரிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் யாரோ கிரிக்கெட் ஸ்கோர் கேட்டார்கள், நானும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். யார்மேலோ கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அம்மாவின் பெட்டியை எடுக்கப் பிறகு ஒரு நாள் போனேன். கருணா வராந்தாவில் அதை எடுத்து வைத்திருந்தாள். ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பெட்டியை ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அந்தச் சனிக்கிழம ராத்திரி தட்டினப்போ அம்மா எப்பவும் சொல்றதுக்கு மேல கொஞ்சம் சொன்னாங்க. தமிழ்ல. எனக்குப் புரியல. சரிம்மான்னு லைட்ட அணைச்சுட்டுப் போயிட்டேன். ஆனா அந்தச் சத்தம் அப்படியே காதுல இருக்கு. என்ன அர்த்தம்னு சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு, அர்த்தம் தெரியாத மந்திரத்தை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"இருக்கேன். அவ தூங்கறா. எழுப்பாத."

அர்த்தம் கேட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றுவரைக்கும் நான் சொல்லவில்லை. அந்த அறையில் இப்போது யார் என்று மட்டும் கேட்டேன். வரங்கலிலிருந்து ஒரு அம்மாள் வந்திருக்கிறாராம், தமிழே தெரியாதாம். அவருக்கு வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம் அக்கா, ஆனாலும் முதல் நாளே தட்டினவுடன் சரியாகப் பதில் வந்துவிட்டது, கெட்டிக்காரி என்று சொல்லிச் சிரித்தாள்.

இப்போது தினமும் விளக்கணைக்கிற நேரத்துக்கு அவளுக்குப் போன் செய்கிறேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள்வாள், நினைத்துக்கொள்ளட்டும். கடைசி அறையில் பதில் வந்ததா என்று கேட்பேன். வந்தது என்பாள். கதவைத் திறந்து பார்த்தாயா என்று கேட்பேன்.

"பதில் வந்த பிறகு எதுக்கு அக்கா திறக்கணும்?" என்பாள்.