ராகி டப்பாவில் ஒரு பொத்தான்

என் அலமாரியில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளே ராகி, அதற்குள் ஒரு சட்டைப் பொத்தான், ஒரு புளியங்கொட்டை, ஒரு சின்னச் சாவி. கொடுத்தவள் ஆஸ்பத்திரியில் என் கைக்குப் பயிற்சி கொடுத்த பிசியோ பெண். தங்கவயல்காரி. நான் டாக்டரம்மா என்பேன். "பெரிய டாக்டர் காதுல விழுந்தா என் வேலை போயிடும்மா" என்று சிரிப்பாள்.

பலகாரம் சுடும்போது எண்ணெய்ச் சட்டி சரிந்து என் வலது கை வெந்துபோனது. புண் ஆறியும் விரல்களில் உணர்ச்சி வரவில்லை. நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள். அவள் விரல்களை நீவி மடக்குவாள், பஞ்சாலும் பிரஷ்ஷாலும் தடவுவாள். பிறகு கண்ணைக் கட்டி, ராகிக்குள் கைவிட்டுப் பொத்தானை எடுக்கச் சொல்வாள். ஒக்கலிபுரத்தில் எங்கள் தெருக் குழந்தைகளை எல்லாம் காலில் போட்டுக் குளிப்பாட்டிய கை இது. அதற்கு ஒரு பொத்தான் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வலிக்குமே என்று துணியைத் தளர்த்தித்தான் கட்டுவாள். மூக்கோரத்து இடுக்கில் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கிளாஸைத் தொட்டு எது வெந்நீர் என்று சொல்லச் சொன்னபோதும் ஆவியைப் பார்த்தே சொன்னேன்.

"சபாஷ்மா! இனிமே இந்தக் கையாலயே சூடு பாக்கலாம்" என்றாள்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டக் கொண்டுவந்தாள். "கை பரவால்லியா ஆயா?"

"என் கையைப் பத்தியாடி கேக்குற?" என்று அதட்டிவிட்டு வெந்நீர் அண்டாவுக்குள் கையை விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. சூடு சரியாக இருக்கிறது என்றேன். முதல் சொம்பு ஊற்றியதும் குழந்தை வீறிட்டது. என் கால் சுட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. குழந்தையின் தொடை சிவந்து போயிருந்தது. வடு விழவில்லை, அது யார் செய்த புண்ணியமோ.

மகன் கேட்டபோது, "டாக்டரம்மாதான் பாக்கலாம்னா" என்றேன். அவன் என்னையும் அழைத்துக்கொண்டு போய், நோயாளிகள் முன்னால் அவளைப் பார்த்துக் கத்தினான். நான் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன். "என் தப்புதான் சார். இன்னொரு தரம் பாத்திருக்கணும்" என்றாள். கிளம்பும்போது இந்த டப்பாவை என்னிடம் கொடுத்து, மெதுவாக, "வீட்ல தினமும் பண்ணுங்கம்மா. துணியை இறுக்கிக் கட்டிக்கங்க" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மகன் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மனசு கேட்காமல் சில மாதம் கழித்துப் போனேன். அந்த அறையில் வேறொரு பெண் இருந்தாள். டாக்டரம்மா எங்கே, ஏன் போனாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இன்று காலையும் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு டப்பாவுக்குள் கைவிட்டேன். ஏதோ ஒன்று விரலிடுக்கில் வந்தது. பொத்தானோ கொட்டையோ.

"தெரியலை டாக்டரம்மா" என்றேன், ஆளில்லாத வீட்டில், வாய்விட்டு.